ஏழாம் கேள்விக்கு இரண்டு பெட்டிகள்

கடதாசி சட்டைப் பையில் இருக்கிறது. நான்காக மடித்தது. பஸ் தொழிலாளர் முகாம் வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியபோது அதன் மூலை நெஞ்சில் ஒருமுறை குத்தியது, பிறகு அடங்கிவிட்டது. அஜ்மானிலிருந்து குளிர்க்கிடங்குக்கு இந்த விடியற் பொழுதில் ஐம்பது நிமிடம், பாலத்தடியில் நெரிசல் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எட்டு மணிக்குள் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லி ஹிஷாம் சொன்னான். ஹிஷாம் அலுவலகத்தில் ஆட்களின் விவகாரங்களைப் பார்க்கிற எகிப்துக்காரன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தேநீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் இதைத் தந்தான். மேலே இருந்து கேட்கிறார்கள், தவநேசன், உன் கீழே வேலை செய்கிறவன், நீ போர்மன், உன்னைவிட யாருக்குத் தெரியும் என்றான். ஒன்பது கேள்விகள். பெயர், தகப்பன் பெயர், எத்தனை வருடப் பழக்கம் என்று சாதாரணமாகத் தொடங்கி ஏழாவதில் வந்து நிற்கிறது. மேற்படி பணியாளர் எப்போதாவது ஆயுதக் குழுக்களுக்கோ தீவிரவாதக் கருத்துகளுக்கோ ஆதரவாகப் பேசியிருக்கிறாரா. பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள், ஆம், இல்லை. மேற்படி பணியாளர் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை கொள்கிறான். குல் ஜமான். பஸ் குலுங்கும்போது அவன் தலை கண்ணாடியில் மெதுவாக இடிபடுகிறது, அவன் எழும்புவதில்லை. பிடரியில் முடி ஒட்ட வெட்டியிருக்கிறான், வெள்ளிக்கிழமை வெட்டியிருக்கவேண்டும். ஒரு மனிதனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு அவனைப் பற்றி யோசிப்பது சரியில்லாத காரியம் என்று தோன்றுகிறது. ஆனால் என் இருக்கை இங்கே, அவன் இருக்கை அங்கே.

ஆறு வருடமாக அதே இருக்கை. முந்தி அவனுக்குப் பக்கத்தில் நசீபுல்லா இருப்பான். இப்போது நசீபுல்லா கடைசி வரிசையில், தனியாக, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறான். பத்தொன்பது நாள். நான் எண்ணவில்லை என்று நினைத்தேன், எண்ணித்தான் இருக்கிறேன். குல் ஜமான் பாகிஸ்தானில் பஜவுர் என்ற மலைப்பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது, போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். நசீபுல்லா ஆப்கானிஸ்தானில் குனார் பக்கம், என்னைவிட மூப்பு, ஐம்பத்திரண்டோ மூன்றோ, பெட்டி பிரித்து அடுக்குகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பாசை. ஒரே மலை, இந்தச் சரிவு ஒருவனுக்கு, அந்தச் சரிவு மற்றவனுக்கு. ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்றவர்கள். கன்ரீனில் நான் என் சோற்றோடு அவர்களுக்கு எதிரில் இருப்பேன், அவர்கள் கதைப்பது எனக்கு விளங்காது, சிரிப்பது மட்டும் விளங்கும். அவர்கள் இரண்டு பேரின் நாடுகளுக்கும் மூண்ட யுத்தம் எங்களுக்கு வெறுமையான பழ அடுக்குகளாகத்தான் வந்தது. கிடங்கின் இரண்டாம் குளிர் அறைக்குக் கந்தஹார் மாதுளை வரவேண்டிய காலம். வரவில்லை. திராட்சையும் வரவில்லை. எல்லை வாசலைப் பூட்டிவிட்டார்கள், லொறிகள் வரிசையில் நிற்கின்றன, பழம் லொறிக்குள்ளேயே அழுகுகிறது என்றார்கள். மாதுளை அழுகினால் வெளியே தெரியாது, தோல் அப்படியே இருக்கும், கையில் எடுத்தால்தான் பாரக் குறைவு தெரியும். ஏன் இதை யோசிக்கிறேன். ஒரு நாட்டு விமானங்கள் எல்லை தாண்டிப் போய்க் குண்டு போட்டன, எங்கள் பக்கத்தில் குண்டு வைக்கிறவர்கள் உங்கள் பக்கத்தில் ஒளிந்திருக்கிறார்கள் என்று. மற்ற நாடு காவலரண்களைச் சுட்டது, எங்கள் மண்ணுக்குள் வந்துவிட்டீர்கள் என்று. அந்த விமானக் குண்டில் நசீபுல்லாவின் தம்பி வீடு போய்விட்டது. தம்பியின் மனைவியும் பிள்ளை ஒன்றும். இதை அவன் என்னிடம் சொன்னது லீவுக் கடிதம் தரும்போது. காரணம் எழுதவேண்டிய இடத்தில் என்ன எழுத என்று கேட்டான். குடும்பக் காரணம் என்று எழுதினேன். லீவு கிடைத்தது, ஆனால் பறக்க விமானமில்லை, அவன் ஒருநாளும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

அந்தக் கிழமைதான் கன்ரீனில் அது நடந்தது. குல் ஜமானின் தொலைபேசிக்கு யாரோ தெரியாத எண்ணிலிருந்து ஒரு காணொளி வந்தது. விமானங்கள் தேடிப்போன அதே ஆயுதக்காரர் ஏழெட்டுப் பேர் துவக்குகளோடு ஒரு பாறைக்கு முன்னால், ஒருவன் கடதாசியைப் பார்த்து வாசிக்கிறான். குல் ஜமான் சாப்பிடாமல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். நசீபுல்லா தோளுக்கு மேலால் பார்த்தான். தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு எழும்பி வேறு மேசைக்குப் போனான். மற்றவர்களும் பார்த்தார்கள், பார்த்தவர்களில் ஒருவன் மேலே சொல்லியிருக்கிறான், அதுதான் இந்தக் கடதாசி. நசீபுல்லாவாக இருக்கலாம். இருக்கலாம் என்று நினைப்பதும் ஒருவகையில் பெட்டியில் புள்ளடி போடுவதுதான். காணொளியில் மூன்றாவதாக நிற்பவன் குல் ஜமானின் தம்பி. நாலு வருடத்துக்கு முன் ஆயுதக்காரரோடு சேர மலைக்குப் போனவன். இதை எனக்குக் குல் ஜமானே சொன்னான், இரண்டாம் அறையில், குளிரில் வாயிலிருந்து புகை போக. போர்மன் என்பதால் என்னை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான். தம்பி இடது கையைத் தூக்கவே இல்லை, உஸ்தாத், முழுக்கப் பார்த்துவிட்டேன், கையில் அடிபட்டிருக்கிறது என்றான். இருபது தரம் பார்த்தது அதற்கு. ஆனால் இருபது தரம் பார்த்தான் என்பது உண்மை. கடதாசியில் எழுதினால் இருபது தரம் என்றுதான் வரும், தம்பியின் கை வராது.

சூரியன் இடது பக்கக் கண்ணாடியில் வந்துவிட்டது. ஆட்கள் திரைச்சீலையை இழுக்கிறார்கள். இன்னும் பாலம் வரவில்லை. எனக்குத் தெரிந்த அந்த ஒரு வாக்கியம் வேறு யாருக்கும் தெரியாது, அதுதான் சிக்கல். காணொளியை எல்லோரும் பார்த்தார்கள். வாக்கியத்தை நான் மட்டும் கேட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால். அவன் ஊரில் ஆயுதக்காரரைத் தேடி அவனுடைய நாட்டுப் படையே ஏவிய ஆளில்லா விமானம் ஒழுங்கைக்குள் குண்டைப் போட்டுவிட்டுப் போயிற்று. ஒழுங்கையில் நின்றது அவன் தமக்கையின் மகள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அன்றைக்கும் அவன் வேலைக்கு வந்தான். மதியத்துக்குப் பிறகு ஆளைக் காணவில்லை என்று தேடிப் போனேன், வெங்காய மூட்டைகளுக்கு மேல் இருந்தான், குளிர்ச் சட்டை போடாமல். எனக்கு முகத்தைக் காட்டாமல் சொன்னான், சப் கலத் நஹீ ஹை. அவங்கள் சொல்றது எல்லாம் பிழை இல்லை. அல்லது அவங்கள் சொல்றதில் எதுவுமே பிழை இல்லை. ஹிந்தி அவனுக்கும் தாய்ப்பாசை இல்லை, எனக்கும் இல்லை. எல்லாம் பிழை இல்லை என்றால் கொஞ்சம் பிழை, கொஞ்சம் சரி. எதுவுமே பிழை இல்லை என்றால் அது வேறு. ஆறு மாதமாக அந்த நாலு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே முகம். கம்ப்ரசர் சத்தத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டேன். கேட்டுவிட்டு, லொறி வந்து நிக்குது, இறங்கு என்றேன். அவன் இறங்கினான், ஓட்டினான், ஒரு பெட்டிகூடச் சரியவில்லை. பிறகு நாலு மாதம் கழித்து, அவன் மாமன் மகனை, பொலிஸ்காரனை, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது மலைக்காரரின் குண்டு கொன்றது. அன்றைக்கும் வந்தான். அன்றைக்கு ஒரு வாக்கியமும் சொல்லவில்லை.

ஏழாவதில் எப்போதாவது என்று போட்டிருக்கிறார்கள். எப்போதாவது. ஒருநாள் என்றாலும். எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசியில் படையின் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான் சொன்னார்கள், இயக்கத்தில் ஒருநாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், பதிந்தால் பிரச்சினை இல்லை. வெயில். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சனம், கையில் போத்தலும் பையும். எனக்கு இருபத்தாறு வயது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்ப் பதினொரு மாதம். அதில் எட்டு மாதம் பங்கர் வெட்டினேன், மூன்று மாதம் கையில் துவக்கு. சுட்டேனா. மரங்களின் பக்கம் சுட்டேன். மரங்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று தெரியாது. நான் விரும்பிப் போகவில்லை, இது எல்லோரிடமும் சொல்லக்கூடியது. சொல்லமுடியாதது இன்னொன்று. மாத்தளனில் எங்கள் பக்கத்துக் கொட்டில் மேல் படை அடித்த செல் விழுந்து, அதற்குள் இருந்தவர்களைச் சாக்கில் எடுத்த அன்றைக்கு, அந்த ஒருநாள், இயக்கம் சொல்வது எல்லாம் சரி என்று நான் நம்பினேன். கையில் துவக்கு இருந்ததே ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள், தப்பி ஓடப்பார்த்த ஒரு பெடியனை இயக்கக்காரர் அடித்த அடியைப் பார்த்தேன். நம்பிக்கை போயிற்று. ஆனால் ஒருநாள் இருந்தது. ஒலிபெருக்கி கூப்பிட்டபோது நான் போகவில்லை. ஒரு படைவீரன் வரிசையில் வந்து என்னைக் காட்டிக் கேதீஸிடம் கேட்டான், இவன் இருந்தவனா. கேதீஸ் என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவன். தலையை ஆட்டினான், பெரிதாகக்கூட இல்லை. சின்ன வயதில் தலையாட்டியைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் ஆம்பிளைகளை எல்லாம் வரிசையில் விட்டு, ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒருவனுக்கு முன்னால் நடத்துவார்கள், அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். சாக்கில் இரண்டு ஓட்டை, கண்ணுக்கு. அது யாரென்று ஊர் முழுக்க யோசிக்கும். கேதீஸுக்குச் சாக்கு இல்லை. பத்து மாதம் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்துவிட்டு என்னை விட்டார்கள். பிறகு வவுனியா பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். அவன்தான் கிட்ட வந்தான். நான் பொய் சொல்லேல்லைத் தவம் என்றான். ஓம் என்றேன். அவன் பஸ் வந்துவிட்டது. அவன் சொன்னது சரி, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, எனக்கு அவன்மேல் கோபமும் இல்லை, ஆனால் பதினைந்து வருடமாக அவன் பெயரைச் சொல்ல என் வாய் கொஞ்சம் யோசிக்கிறது.

இந்த வேலைக்கு நிரப்பிய விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருடத்துக்கும் தகப்பனோடு தோட்டம் என்று எழுதினேன். என் மனைவி நிர்மலாவுக்குத் தெரியும். மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குத் தெரியாது. இப்போது இல்லை என்ற பெட்டியில் நான் புள்ளடி போட்டால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், யார் இவனுக்குப் பிணை நின்றது என்று என் கோப்பையும் எடுப்பார்கள். தோட்டத்தைக் கிண்டிப் பார்ப்பார்கள். ஆம் என்றால் ஒருவரும் என்னைக் கிண்டமாட்டார்கள். ஆம் என்றால் ஒரு கிழமைக்குள் குல் ஜமான் விமானத்தில். ஊரில் அவனுக்காக இரண்டு கூட்டம் காத்திருக்கும், தம்பியின் ஆட்கள், தம்பியைத் தேடுகிற ஆட்கள். போனால் இரண்டில் ஒன்றுதான், உஸ்தாத் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான், மழை வரும் என்று சொல்கிற குரலில்.

பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வாகனங்கள், சிவப்பு விளக்குகள். ஓட்டுநர் வானொலியைக் குறைத்தார். நான் எழும்பியது எனக்கே பிறகுதான் தெரிந்தது. போய்க் குல் ஜமானுக்குப் பக்கத்தில், நசீபுல்லாவின் பழைய இடத்தில், இருந்தேன். அவன் கண்ணைத் திறந்தான். நான் கடதாசியை எடுத்து விரித்து, இது உன்னைப் பற்றி, என்னை நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முதலில் இருந்து வாசிக்கச் சொன்னான். தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாக ஹிந்தியில் சொல்லிக்கொண்டு போனேன். தகப்பன் பெயருக்கு என் எழுத்தைத் திருத்தினான். ஏழாவதை வாசித்ததும் வெளியே பார்த்தான். பக்கத்துத் தடத்தில் ஒரு தண்ணீர் லொறி நின்றது, அதைப் பார்த்தானோ என்னவோ.

"நான் சொன்னனான், உஸ்தாத். உங்களிட்டத்தான் சொன்னனான்," என்றான். "அண்டைக்கு அப்பிடித்தான் நினைச்சன். பேந்து பள்ளிவாசல் வாசலில மச்சான்ர செருப்பைப் படத்தில பார்த்தன். இப்ப அப்பிடி இல்லை. ரெண்டையும் எழுத இடம் இருக்கா?"

இல்லை என்றேன். ஒரு புள்ளடிக்குத்தான் இடம் என்று பெட்டிகளைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், உண்மையாகவே வேறு இடம் இருக்கிறதா என்று தேடுகிறவன்போல. பிறகு, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், நான் கோபிக்கமாட்டேன் என்றான். அதற்குப் பிறகுதான் நான் என் பதினொரு மாதத்தைச் சொன்னேன். இந்த நாட்டில் யாருக்கும் சொல்லாததை, பாலத்தடியில், மூன்று நிமிடத்தில். செல் விழுந்த அந்த ஒரு நாளையும் சேர்த்து. எனக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்டான். ஒன்றும் ஆகாது என்றேன். அவன் நம்பவில்லை என்பது தெரிந்தது. பஸ் நகரத் தொடங்கியது. முழங்காலில் கடதாசியை வைத்து, பஸ்ஸின் குலுக்கத்தில், இல்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். ஒரு கோடு பெட்டிக்கு வெளியே போய்விட்டது. கீழே கையெழுத்துப் போட்டு நாளையும் எழுதினேன். எனக்குத் தெரிந்தே எழுதிய பொய். எழுதியதும் மனம் லேசாகவில்லை, பாரமாகவும் இல்லை. கிடங்கின் நீலக் கூரை தெரிந்தது.

ஏழு ஐம்பதுக்கு ஹிஷாமிடம் கொடுத்தேன். அவன் நின்றபடி முழுவதையும் வாசித்தான், ஏழாவதில் ஒருகணம் விரலை வைத்தான். நிச்சயமா என்று கேட்டான். நிச்சயம் என்றேன். என்னை இரண்டொரு விநாடி பார்த்தான், அவன் பார்வையில் சந்தேகம் இருந்ததா, வேலை ஒன்று முடிந்த ஆறுதல் இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. சரி, இந்த ஆள் விவகாரம் முடிந்தது, இதோடு கோப்பை மூடிவிடுவேன் என்று முத்திரை குத்தினான். அத்தோடு போய்விடலாம் என்று திரும்பினேன். அவன் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு கடதாசியை எடுத்தான். அதே ஒன்பது கேள்விகள். நசீபுல்லாவின் பெயர் மட்டும் தட்டச்சில் மேலே இருந்தது. வீட்டில் சாவு நடந்தவன், பழிவாங்கும் எண்ணம் இருக்கலாம் என்று மேலே நினைக்கிறார்கள் என்றான் ஹிஷாம். மத்தியானத்துக்குள் போதும் என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்படியென்றால் மேலே சொன்னது நசீபுல்லா இல்லை. அல்லது சொன்னவனையும் விடுவதில்லை. இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன், இரண்டாம் அறை வாசலில் குளிர்ச் சட்டையைப் போடும்போது அது எதுவானாலும் எனக்குத் தேவையில்லை என்று பட்டது. உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. நசீபுல்லா வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றான். அறையின் மறுகோடியில் குல் ஜமான் போர்க்லிப்டில். நான் கடதாசியை மறைக்கவில்லை. நசீபுல்லாவிடம் விரித்துக் காட்டி, உன்னைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியாமல் நான் ஒரு எழுத்தும் எழுதப்போவதில்லை, முதலில் உன் தகப்பன் பெயரைச் சொல் என்றேன். அவன் கடதாசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாடியில் மூச்சின் ஈரம். கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். இந்த உலகத்தில் எந்தக் கடதாசிக்கும் இனித் தன் தகப்பனின் பெயரைக் கொடுக்கமாட்டேன் என்பதுபோல நின்றான். நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பேனா மை குளிரில் இறுகிவிடும் என்று நினைத்தேன், அதை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஊதினேன்.

போர்க்லிப்ட் நின்றது. குல் ஜமான் இறங்கி வந்தான். எங்களிடம் வந்து நிற்கும்வரை அவன் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. நசீபுல்லா அவன் பக்கம் திரும்பவில்லை.

"மீராஜான்," என்றான் குல் ஜமான் என்னிடம். "ஹாஜி மீராஜான். எங்கட பக்கத்துச் சந்தைக்கு வந்து உப்பு விக்கிற மனிசன். எழுதுங்க, உஸ்தாத்."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு நசீபுல்லா அவனைப் பார்த்தான். தங்கள் பாசையில் ஏதோ கேட்டான், குல் ஜமான் ஒரு சொல்லில் பதில் சொன்னான். என்ன என்று நான் கேட்கவில்லை. நசீபுல்லா ஒரு மூட்டைமேல் குந்தினான். குல் ஜமான் இருக்காமல் நின்றான், ஆனால் போகவில்லை. நான் மீராஜான் என்று எழுதினேன். பிறகு அடுத்த கேள்வியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலால், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.